மகளின் முன்கைக்கு டென்ஸ் கம்பி: மருத்துவம் அருமை, முன்தகவல் போதாது

கபடிப் பயிற்சியில் விழுந்து, 11 வயது மகளுக்கு இடது முன்கையின் இரண்டு எலும்புகளும் நடுவில் முறிந்துவிட்டன. மதுரையில் குழந்தைகளுக்கென்றே எலும்பு மருத்துவர் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பெரியம்மா புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார். எக்ஸ்ரேயில் முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றதைப் பார்த்தபின் எனக்கு மனம் ஒப்பவில்லை.

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. சின்னக் குழந்தை என்றால் இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டாலே பெரும்பாலும் போதுமாம். லேசாக வளைந்து சேர்ந்தாலும் வளர வளரச் சரியாகிவிடும். இந்த வயதில் அப்படி நம்பி விட முடியாது, வளைவு நின்றுவிட்டால் உள்ளங்கையை முழுதாகத் திருப்ப வராது என்றார். "முதலில் இழுத்துப் பார்ப்போம். நிற்கவில்லை என்றால் அதே மயக்கத்திலேயே கம்பி வைத்துவிடுவோம்" என்று இரண்டுக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கினார். எலும்பு நிற்கவில்லை, கம்பிதான் வைத்தார்கள்.

டென்ஸ் (TENS) என்பது எலும்புக்குள்ளே நுழைக்கும், வளைந்து கொடுக்கும் மெல்லிய டைட்டானியம் கம்பி. ஒன்று மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இன்னொன்று முழங்கைப் பக்கம். எலும்பு வளரும் பகுதியைத் தொடாமல் நுழைக்கிறார்கள். பிளேட் வைப்பதுபோல் நீளமாகக் கிழிக்கவில்லை, சின்னச் சின்னத் தையல்தான்.

அன்றிரவு டூட்டியில் இருந்த நர்ஸை மறக்கவே முடியாது. அடிக்கடி வந்து, "விரலை நீட்டு பாப்பா" என்பார். நகத்தை அழுத்திவிட்டு, ரத்தம் திரும்பிச் சிவக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். முன்கைக்குள் வீக்கம் இறுகினால் ரத்த ஓட்டமே தடைபடும். விரலை நீட்டும்போது வலி கூடிக்கொண்டே போனால் உடனே கூப்பிடுங்கள் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. காலையில் என்ற ஆபரேஷன் மாலைக்குத் தள்ளிப்போனது. சாப்பாடு கூடாது, சரி. வெறும் தண்ணீர் மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை பொதுவாகக் கொடுக்கலாம் என்பதை யாரும் சொல்லாததால் பிள்ளை நாக்கு வறண்டு கிடந்தாள். அப்புறம், எலும்பு நன்றாகக் கூடியபின், ஆறு மாதத்துக்கு மேல், மறுபடி மயக்கம் கொடுத்துத்தான் கம்பியை எடுக்க வேண்டும். அந்தச் செலவு முதல் மதிப்பீட்டில் இல்லை. டிஸ்சார்ஜ் அன்றுதான் சொன்னார்கள். நீங்கள் சேர்க்கும்போதே அதையும் எழுதி வாங்குங்கள், இன்சூரன்ஸ் அதற்கும் வருமா என்றும் கேளுங்கள்.

இப்போது எலும்பு கூடிவிட்டது, உள்ளங்கை இருபுறமும் திரும்புகிறது. கம்பி எடுக்கவும் இதே டாக்டரிடம்தான் போகப்போகிறோம். மே விடுமுறைக்குத் தேதி கேட்டிருக்கிறோம்.