வேர்டா, லிப்ரே ஆபிஸா? பின்னம் அடிக்க எது நல்லது?

கோலாலம்பூரின் செந்தூலில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லித் தருகிறேன். பயிற்சித்தாளில் பின்னத்தைச் சாய்கோடு போட்டு 3/4 என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பாது. மேலே தொகுதி, கீழே பகுதி என்று பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும்.

மைக்ரோசாப்ட் வேர்டில் ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதில் 3/4 என அடித்து இடைவெளி விசையைத் தட்டியதும் பின்னம் தானாக அமைந்துவிடும். 2007 பதிப்பிலேயே வந்துவிட்ட வசதி இது. வேகத்தில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் வாக்கியத்தின் நடுவே வரும் பின்னம் சிறுத்துவிடுகிறது. தனி வரியில் வைத்தால்தான் முழு அளவு கிடைக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொடி எழுத்து ஆகவே ஆகாது.

லிப்ரே ஆபிஸ், வேர்டைப் போலவே ஆவணம் தயாரிக்க உதவும் இலவச மென்பொருள். அதன் சூத்திரப் பெட்டியில் '3 over 4' என்பதுபோல் கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். தமிழ் விசைப்பலகையிலிருந்து மாறி மாறிப் போவது சலிப்புத்தான். இருந்தாலும் வரியின் நடுவிலும் பின்னம் சுருங்காமல் நிற்கிறது.

நீண்ட இயற்கணிதத்துக்கு வேர்டையே எடுப்பேன். தொடக்கப்பள்ளித் தாளுக்கு லிப்ரே ஆபிஸ்தான். எதில் செய்தாலும், நகல் கடைக்குப் போகுமுன் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள்.