கன உலோகக் கழிவுநீர்: சுண்ணாம்பா, பாக்டீரியாவா?

துத்தநாகமும் காட்மியமும் சல்பேட்டும் கலந்த அமிலக் கழிவுநீருக்கு நாங்கள் பாக்டீரியா டேங்க்கைத்தான் தேர்ந்தெடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

சுண்ணாம்பு முறை தெரிந்ததுதான். போட்டுக் கலக்கினால் பி.எச். (அமில-கார அளவு) ஏறும், உலோகம் ஹைட்ராக்சைடாகப் படியும். மலிவு, போட்ட அன்றே வேலை செய்யும். ஆனால் துத்தநாகம் 9, 10-லேயே நன்றாகப் படிந்துவிடும். காட்மியத்துக்கோ 11 வரை ஏற்ற வேண்டும். அதற்குள் துத்தநாகம் மறுபடி கரையத் தொடங்கிவிடும்.

டீசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் காற்றுப் புகாத டேங்க்கில் எத்தனாலையோ மொலாசஸையோ (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) தின்று, சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அது உலோகத்தைப் பிடித்துப் படிய வைக்கிறது. துத்தநாக சல்பைடு வெள்ளை, காட்மியம் என்றால் மஞ்சள். துளி இரும்பு கலந்தாலும் எல்லாம் கறுப்பு.

பாக்டீரியா உலோகத்தையே அழித்துவிடும் என்பதெல்லாம் கதை. எந்த முறையானாலும் உலோகம் கசடில்தான் போய்ச் சேரும். எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் அந்தக் கசடுதான். ஹைட்ராக்சைடுக் கசடு கொழகொழவென்று இருக்கும். ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்த பிறகும் அதில் பாதிக்கு மேல் தண்ணீர். சல்பேட் நிறைய இருந்தால் ஜிப்சமும் சேர்ந்து குவியும். அப்புறம் அள்ளுகூலி, வண்டி வாடகை, கொட்டுவதற்குக் கட்டணம் என்று ஓயாத செலவு. சுண்ணாம்பில் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். சல்பைடு அடர்த்தியாகப் படிவதால் குவியல் சிறியது, தண்ணீரில் கரைவதும் மிகமிகக் குறைவு. துத்தநாகச் சுரங்கத் தாதுவே பெரும்பாலும் சல்பைடுதான் என்பதால், சுத்தமான படிவை உருக்காலை திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலை 1990-களிலிருந்தே இதைச் செய்துகாட்டியிருக்கிறது. ஒன்று மட்டும்: இந்தக் கசடை மழையிலும் காற்றிலும் போட்டுவைத்தால் சல்பைடு மெல்ல அமிலமாகி, உலோகத்தை மறுபடி வெளியே விடும். மூடித்தான் வைக்க வேண்டும்.

தொந்தரவு இல்லாமல் இல்லை. கிருமிகள் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். குளிரில் சுணங்கும். அமிலம் திடீரென்று ஏறினால் செத்துப்போகும். ஹைட்ரஜன் சல்பைடு உயிரைக் குடிக்கும் வாயு. அளவு கூடினால் மூக்கே மரத்து நாற்றம் தெரியாது என்பதால் கேஸ் அலாரம் இல்லாமல் டேங்க் பக்கம் போகக் கூடாது. கழிவுநீர் என்றைக்கோ ஒருநாள்தான் வரும் என்றால் சுண்ணாம்பே மேல். பட்டினி போட்டுக் கிருமி வளர்க்க முடியாது.

பாதரசம் கலந்த நீரை நான் கையாண்டதில்லை. ஆனால் இதே கிருமிகளில் சில அதை மெத்தில் பாதரசமாக்கிவிடும்; மீன் வழியாக மனித உடலில் ஏறும் கொடிய வடிவம் அதுதான். அந்த நீரை இந்த டேங்க்கில் விட நான் ஒப்பமாட்டேன்.