முதுகுக் கட்டிக்கு 22,000 ரூபாய் கொடுத்த கதை

போன வைகாசியில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு கட்டி கிளம்பியது. வேனல் கட்டிதான் என்று அம்மா மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார். நான்காம் நாள் அது எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது, கூடவே காய்ச்சலும்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கீறவே வேண்டாம் தம்பி, ஊசியில உறிஞ்சி எடுத்துடலாம்" என்றார் டாக்டர். கத்தி இல்லை என்றதும் உச்சி குளிர்ந்து 1,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். இரண்டே நாளில் கட்டி பழையபடி வீங்கியது. மறுபடி ஊசி, மறுபடி 1,800. மூன்றாம் முறை போனபோது, "இது ஊசிக்கு அடங்காதே" என்றார், முதல் இரண்டையும் வேறு யாரோ போட்டது போல.

அப்புறம் கீறினார்கள். ஆபரேஷன் தியேட்டர், மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 13,000. உள்ளே காஸ் துணியைத் திரியாகத் திணித்து, தினமும் வந்து மாற்றச் சொன்னார்கள். தடவைக்கு 600. புண்ணோடு ஒட்டிய திரியை உருவும்போது கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஒன்பது நாள் இந்தக் கூத்து.

என் அத்தை மகன் அரசு ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். பில்லைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். மார்பகக் கட்டிக்கு ஊசியால் உறிஞ்சுவது சரி, முதுகில் வரும் சாதாரணச் சீழ்க்கட்டிக்கு அது பெரும்பாலும் தோற்றுவிடுமாம். 2011இல் வந்த ஓர் ஆய்வில் ஊசி போட்டவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் குணமானது, கீறியவர்களில் 80 சதவீதம் பேருக்கு. கீறி, உள்ளே தடுப்புத் தடுப்பாக இருக்கும் சீழ்ப் பைகளை உடைத்து வடிப்பதுதான் வைத்தியமே. 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிக்குத் திரி தேவையா என்று 2009இல் 48 பேரிடம் பார்த்திருக்கிறார்கள். வைக்காதவர்களுக்கும் அதேபோல ஆறியது, வலிதான் குறைவு.

இன்னொரு முறையும் உண்டு. இரண்டு சின்னக் கீறல் போட்டு, ஒன்றில் நுழைத்த மெல்லிய ரப்பர் நாடாவை மற்றதில் எடுத்து, வெளியே தளர்வாக முடிச்சுப் போட்டுவிடுவார்கள். சீழ் தானாக வடியும், வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாம், ஒரு வாரம் பத்து நாளில் வெட்டி எடுத்துவிடுவார்கள். தினசரி 600க்கு அதில் வேலையே இல்லை. பெரிய கட்டி, ஆசனவாய்ப் பக்கம் வரும் கட்டி எல்லாம் வேறு கணக்கு. ஆனால் ஊசியா, கீறலா, திரி எதற்கு என்று ஆபரேஷனுக்குப் படுக்கும் முன்பே கேளுங்கள். நான் வாயே திறக்கவில்லை.

"சுகர் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டான் அவன். எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கேட்டதற்கு, "எல்லாம் நார்மல்தான் சார்" என்றார்கள், தாளை மட்டும் கடைசிவரை தரவில்லை. மறுநாள் காலை தெருமுனை லேபில் வெறும் வயிற்றோடு கொடுத்துப் பார்த்தேன். 168.