மஞ்சப்பையா, எவர்சில்வர் டப்பாவா?

சென்னை காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பும்போது கையில் எதை எடுத்துப் போவது?

துணிப்பை என்றால் சுமையில்லை, மடித்தால் பாக்கெட்டில் அடங்கிவிடும். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. காய்கறி, மளிகைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே ஒரு குறை, துணிப்பை செய்யத் தண்ணீரும் மின்சாரமும் நிறையச் செலவாகும். அதனால் இருக்கிற பையையே கிழியும்வரை தூக்க வேண்டும், விழாவுக்கு விழா வாங்கி அடுக்கக் கூடாது.

ஆனால் மீனுக்குப் பை சரிவராது. ரத்தமும் ஐஸ் தண்ணீரும் துணியில் ஊறிச் சொட்டும், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் முறைப்பார். அதற்குப் பயந்தே முதலில் ஒரு கறுப்பு கவர், அதற்கு மேல் மஞ்சப்பை என்று வாங்கிவருகிறோம். கவிச்சி ஒட்டிய அந்தக் கவரைக் காயலான் கடையில்கூட எடுக்க மாட்டார்கள். குப்பையோடு கொடுங்கையூர் கிடங்குக்குத்தான் போகும்.

மூடி போட்ட டப்பாவில் இந்தத் தொல்லை இல்லை. வெட்டித் தரும் அக்காவிடம் “இதுலயே போட்டுடுங்கக்கா” என்று நீட்டினால் போதும். டப்பாவோடு நிறுத்தால் மட்டும் அதன் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். வீட்டில் புளி போட்டுத் தேய்த்தால் வாடை போய்விடும். அதே டப்பாவில் சாயங்காலம் ஓட்டல் சாம்பாரும் வாங்கலாம். கனம்தான், இடத்தையும் அடைக்கும். இருந்தாலும் ஈரமான எதற்கும் என் ஓட்டு டப்பாவுக்கே.