1971 டாப்ஸ் தர்மன் மன்சன் கார்டு, தரம் 5

அமெரிக்க நிறுவனமான டாப்ஸ் 1971-இல் வெளியிட்ட, ஆட்டக்காரர்களின் படம் போட்ட 752 பேஸ்பால் கார்டுகளுக்கும் கறுப்பு ஓரம். லேசாக உரசினாலே மூலையில் வெள்ளை எட்டிப் பார்க்கும். அதனால் இந்த வரிசையில் உயர்ந்த தரம் கிடைப்பது அபூர்வம், விலையும் ஏறிவிடும். நான் வாங்கியது 5-ஆம் எண் கார்டு, நியூயார்க் யாங்கீஸ் அணியின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) தர்மன் மன்சன். கார்டுகளைத் தரம் பார்க்கும் நிறுவனமான பிஎஸ்ஏ இதற்கு 10-க்கு 5 கொடுத்திருக்கிறது.

5 தானே என்று தள்ளிவிடாதீர்கள். மடிப்பு இல்லை, படம் கோணாமல் நடுவில் இருக்கிறது. சறுக்கி வரும் ஆட்டக்காரர், கிளம்பும் புழுதி, அதற்குள் மன்சன். ஓரத்தில் புதுமுகங்களுக்கான குட்டிக் கோப்பை. 1970-இல், அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் அவர்தான். அந்தப் புழுதியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

விற்றவர் வெறும் கவரில் போட்டு அனுப்பியதில் பிளாஸ்டிக் கேஸில் ஒரு கீறல். எரிச்சலாகத்தான் இருந்தது. நல்லவேளை, கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது கேஸுக்கு மேல் ஒரு மெல்லிய உறை போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிற நண்பர்களின் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்கள். அப்புறம் பேச்சு மன்சனை விட்டு நகர்வதில்லை.