ரத்தம் எங்கே தொடங்குகிறது: பிளாட்டானா தவளையா, எலியா, ஜீப்ரா மீனா?

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் பாடத்தில் "உதிரம்" என்ற சொல் வந்தது. மெட்ரிக் படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, வயிற்றுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு அம்மாவோட ரத்தம்தானே ஓடுது?"

இல்லை. நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜனும் சத்தும் வருகின்றன. ரத்தத்தைப் பிள்ளை தானே உண்டாக்கிக்கொள்கிறது, அதுவும் இரண்டு தவணையாக. முதல் தவணை அவசரத்துக்கு: கருவை ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப் பையில் கொஞ்ச காலமே வாழும் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. இரண்டாவதுதான் ஆயுளுக்கும் நிற்பது. முதுகுப் பக்கம் ஓடும் பெருந்தமனியின் அடிச்சுவரிலிருந்து சில செல்கள் விலகி, எல்லா ரத்த அணுக்களையும் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்களாக மாறும். அவை முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகி, பிறகு எலும்பு மஜ்ஜைக்குப் போகும். எந்தச் செல் ரத்தத்தின் வழியில் போகவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வது டால்1 மரபணு. சிவப்பணுவை வளர்த்து ஆளாக்குவது கேட்டா1. தமனிச் சுவர்ச் செல்லை ஸ்டெம் செல்லாக்குவது ரன்எக்ஸ்1.

இதையெல்லாம் மனிதக் கருவில் சோதித்துப் பார்க்க முடியாது. விலங்குகளிடம்தான் கற்றுக்கொண்டோம். எந்த விலங்கு நன்றாகக் கற்றுத் தருகிறது என்பதில் எனக்கு ஒரு முடிவு உண்டு.

முதலில் நம் ஊர்த் தவளை. இங்குள்ள அணைக்கட்டுகளிலும் குளங்களிலும் கிடக்கும் பிளாட்டானாதான் உலக ஆய்வுக்கூடங்களுக்குப் போனது. 1930களில் கேப் டவுனில், பெண்ணின் சிறுநீரை இந்தத் தவளைக்கு ஊசி போட்டு, அது முட்டையிட்டால் கர்ப்பம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்காகவே ஆயிரக்கணக்கில் கப்பலேறியது. முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுப் பெரியது, கத்தி வைக்கலாம், ஒரு துண்டை எடுத்து இன்னொரு கருவில் ஒட்டலாம். வயிற்றுப் பக்கத்துத் திசுவுக்கு பிஎம்பி4 என்ற புரதச் செய்தி போய்ச் சேர்ந்தால்தான் அங்கே ரத்தம் உருவாகும் என்பது இப்படித்தான் தெளிவானது. "எந்த இடம், யார் சொல்லி?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது. ஆனால் மரபணுவைத் தேடுகிறவருக்கு இது சிரமம். பெரும்பாலான மரபணுக்கள் இரட்டையாக இருக்கின்றன, ஒன்றை உடைத்தால் மற்றது வேலையைத் தொடரும். ஒரு தலைமுறைக்குக் காத்திருக்கவும் மாதக்கணக்கில் ஆகும்.

எலிக்கு மரியாதை அதிகம், அதற்கு நியாயமும் உண்டு. நம்மைப் போலப் பாலூட்டி, நம்மைப் போலவே கருவின் கல்லீரலில் ரத்தம் பெருகும். 1991இல் கேட்டா1, 1995இல் டால்1, 1996இல் ரன்எக்ஸ்1 என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். டால்1 இல்லாத கருவில் ரத்தமே இல்லை. ரன்எக்ஸ்1 இல்லாத கருவில் முதல் தவணை வருகிறது, இரண்டாவது வரவே இல்லை, பன்னிரண்டாம் நாளை ஒட்டிக் கரு இறந்துபோகிறது. இரண்டு தவணையும் வெவ்வேறு கட்டளைகளில் நடப்பவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. எலியிடம் இன்னொரு பலமும் இருக்கிறது. கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த வளர்ந்த எலிக்குள் செல்களைச் செலுத்தி, ரத்தம் முழுவதும் மறுபடி உருவாகிறதா என்று பார்க்கலாம். உண்மையான ஸ்டெம் செல்லுக்கு அதுதான் கடைசிப் பரீட்சை.

எலியின் குறை, எல்லாமே கருப்பைக்குள் நடப்பது. ரத்தம் இல்லாத கரு சீக்கிரம் செத்துவிடும். கண்ட சேதத்தில் எது மரபணு போனதால் வந்தது, எது மூச்சுத் திணறலால் வந்தது என்று பிரிப்பது கடினம்.

இங்கேதான் ஜீப்ரா மீன் என் மனத்தைக் கவர்ந்தது. நம் முன்னோர் கப்பலேறி வந்த இந்தியாவின் ஆறுகளிலும் வயல் நீரிலும் வாழும், விரல் நீளம்கூட இல்லாத மீன். கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போல வளர்கிறது. ஒரு நாள் கழிந்ததும் ரத்தம் ஓடுவதை நுண்ணோக்கியில் நேராகப் பார்க்கலாம். ரத்தமே இல்லாவிட்டாலும் அந்தச் சின்ன உடம்பு தண்ணீரிலிருந்து ஊறிவரும் ஆக்சிஜனை வைத்துச் சில நாள் உயிரோடு இருக்கும். எலியில் பிரிக்க முடியாததை இதில் பிரிக்கலாம். 2010இல் தமனிச் சுவரிலிருந்து ஒரு செல் வளைந்து, வெளியே வந்து, ஸ்டெம் செல்லாவதை உயிருள்ள மீனிலேயே படம் பிடித்தார்கள்.

சரி, மீன் சொல்வதெல்லாம் நமக்குப் பொருந்துமா? முழுக்கப் பொருந்தாது. கிளோஷ் என்ற மரபணுப் பிறழ்வு உள்ள மீனில் ரத்தமும் இல்லை, ரத்தக்குழாயின் உட்சுவரும் பெரும்பாலும் இல்லை. 1990களில் தெரிந்த அந்தப் பிறழ்வுக்குக் காரணமான மரபணு 2016இல்தான் பிடிபட்டது, குரோமோசோமின் ஒரு நுனியில். எலியிலும் நம்மிலும் அந்த மரபணு இல்லை, கோழியில் இருக்கிறது! ரன்எக்ஸ்1 கெட்ட மீன்களிலும் சில பிழைத்து, வளர்ந்து, முட்டையும் இடுகின்றன. எலியில் ஒன்றுகூடத் தப்பாது. ஏன் இந்த வித்தியாசம் என்பதைத்தான் நான் இந்தத் துறையின் மிக முக்கியமான கேள்வியாக நினைக்கிறேன். ரன்எக்ஸ்1, டால்1 இரண்டும் மனிதரில் தடம்புரண்டால் ரத்தப் புற்றுநோய் வரலாம். மீன் எந்த மாற்றுப் பாதையில் தப்பிக்கிறது என்று தெரிந்தால், அது வெறும் மீன் சமாச்சாரமாக இருக்காது.

ஆகவே மருந்தை நோயாளிக்குக் கொண்டுபோகுமுன் எலியைக் கேட்கவேண்டும். மரபணு என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள மீனிடம் போகவேண்டும். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு அடுத்த வகுப்பில் மீன் கருவின் காணொளியைத்தான் காட்டப்போகிறேன், வாலுக்குள் முதல் சிவப்பணுக்கள் அசைந்து கிளம்பும் அந்த இடத்தை.