ஜிக்பீ மெஷ்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில்

வீட்டில் ஜிக்பீ மெஷ் போட்டு மூன்று வருடம் ஆகிறது. ஸ்மார்ட் கருவிகள் ஒன்றின் செய்தியை இன்னொன்று கடத்திப் பேசிக்கொள்ளும் வயர்லெஸ் வலை இது. இரண்டு மாடி, கான்கிரீட் தளம். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் ஸ்மார்ட் பல்புகள், ஸ்மார்ட் பிளக்குகள், கதவு சென்சார்கள். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் சொல்ல, ஓவர்ஃப்ளோ குழாய்க்கு அடியில் ஒரு தண்ணீர் சென்சார். எனக்கு முக்கியம் இதுதான். முதல் வருடம் இணைப்பிலிருந்து அடிக்கடி காணாமல் போனதும் இதுதான்.

சிக்னல் போதவில்லை என்று நினைத்து மேலும் மூன்று பல்பு வாங்கிப் போட்டேன். நிலைமை மோசமானது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஜிக்பீயில் பேட்டரி இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவிகள்தான் அடுத்தவர் செய்தியைக் கடத்தும்; பேட்டரி சென்சார்கள் கடத்தாது. வீட்டில் யாராவது சுவர் ஸ்விட்சை அணைத்தால் பல்போடு அந்தப் பாதையும் போய்விடும். மற்ற கருவிகள் வேறு வழி தேட வேண்டும். கரண்ட் போனாலும் இதே கதை, ஏனென்றால் பிளக்குகளில் பாதி இன்வெர்ட்டர் லைனில் இல்லை.

அந்தப் பல்புகளை மெஷ்ஷிலிருந்து எடுத்து, வேறு அறைகளில் சாதாரண பல்பாகப் போட்டுவிட்டு, இன்வெர்ட்டர் லைனில் உள்ள சாக்கெட்டுகளில் இரண்டு பிளக் வைத்தேன்: ஒன்று மாடிப்படித் திருப்பத்தில், இன்னொன்று மொட்டைமாடிக் கதவுக்குப் பக்கத்தில். ஜிக்பீ ஒவ்வொரு இணைப்புக்கும் 1 முதல் 7 வரை செலவு போட்டு (சிக்னல் மோசமானால் செலவு அதிகம்), கூட்டுத்தொகை குறைந்த பாதையை எடுக்கும். அதனால் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குத் தட்டுத்தடுமாறும் ஒரே தாவலை விட நல்ல தாவல் மூன்று மேல். படிக்கட்டு பிளக் வந்ததும் ஹோம் அசிஸ்டன்ட் காட்டும் நெட்வொர்க் மேப்பில் பாதை தானாகவே அதன் வழியாகத் திரும்பியதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் இரண்டு சின்ன வேலைகள். யூஎஸ்பி 3.0 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்பதால், கம்ப்யூட்டரில் செருகும் ஜிக்பீ டாங்கிளை ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்தேன். ஜிக்பீ சேனலை 11-லிருந்து 25-க்கு மாற்றினேன்; 11 என் வைஃபையின் சேனல் 1 மேலேயே விழுந்துகொண்டிருந்தது. சேனல் மாற்றியதில் சில சென்சார்களை மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இன்று வரை தீராத ஒரே விஷயம் பின்வாசல் கதவு சென்சார். முதலில் பிடித்த ரவுட்டரை, அதாவது செய்தி கடத்தும் கருவியை, அது விடுவதே இல்லை. பக்கத்தில் நல்ல பிளக் இருந்தாலும் மாறாது. அந்த பிளக் வழியாக மட்டும் சேரும்படி அனுமதி கொடுத்து மறுபடி இணைத்தால்தான் வழிக்கு வருகிறது. தொட்டி சென்சார் மட்டும் கடந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூட விட்டுப் போகவில்லை.